பாத்திரச் சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை

கேள்வி:

என் அப்பாவுக்கு 67 வயது. குடியாத்தத்தில் 32 வருடம் விசைத்தறி ஓட்டியவர். ஐந்தாறு வருடமாகவே காது மந்தம். போன தை மாதம் வேலூரில் ஒரு கடையில் 48,000 ரூபாய்க்கு 16 சேனல் டிஜிட்டல் காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம், வலது காதுக்கு மட்டும். போட்ட அன்றே, ‘பேசினா பானைக்குள்ள பேசுற மாதிரி இருக்குது’ என்றார். தட்டு, கரண்டி சத்தம் தாங்கவில்லை என்றார். கடையில் இரண்டு முறை சரிசெய்து தந்தார்கள். பாத்திரச் சத்தம் குறைந்தது. ஆனால், ‘சத்தம் வருது, பேச்சு வரல’ என்கிறார். வைகாசியில் சிரசுத் திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போனவர், பாதியிலேயே கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அது பீரோவில் கிடக்கிறது. கடைக்காரர் 1,10,000 ரூபாய்க்கு 32 சேனல், ஏஐ உள்ள மெஷின் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். என் மச்சான், ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு வருவதே போதும் என்கிறார். கம்பெனி நண்பர், இப்போது இயர்பட்ஸே காது மெஷினாக வேலை செய்கிறது என்கிறார். உள்ளே இருக்கும் அந்தச் சிப் உண்மையில் என்னதான் செய்கிறது? எதை வாங்குவது? ஆடியோகிராம் படத்தை இணைத்திருக்கிறேன். என் தம்பியும் இப்போது அதே தறியில்தான் இருக்கிறான்.

– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்:

அன்புள்ள தம்பி,

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பீரோவில் கிடக்கும் மெஷினை வெளியே எடுங்கள். நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன், ஆடியோகிராமையும் பார்த்தேன். அந்த மெஷின் மோசமானது என்று சொல்ல அதில் ஒரு காரணமும் இல்லை. அது இன்னும் உங்கள் அப்பாவின் காதுக்குப் பொருத்தப்படவில்லை, அவ்வளவுதான். சட்டைத் துணி வாங்கியாகிவிட்டது, தையற்காரர் இன்னும் அளவு எடுக்கவில்லை.

முதலில் அந்தப் படத்தில் இருப்பதைச் சொல்கிறேன். எந்தச் சுரம் எவ்வளவு சத்தத்தில் கேட்கத் தொடங்குகிறது என்று காட்டும் கோடுதான் ஆடியோகிராம். ஹெர்ட்ஸ் என்பது சுரத்தின் உயரம், டெசிபல் என்பது சத்தத்தின் அளவு. படத்தில் கோடு கீழே இறங்க இறங்க டெசிபல் எண் கூடும், காது மந்தம் என்று அர்த்தம். 250 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை உங்கள் அப்பாவுக்கு 20, 25 டெசிபலில் கேட்டுவிடுகிறது. அது கிட்டத்தட்ட நல்ல காது. 2000 ஹெர்ட்ஸில் 45 ஆகிறது. 4000-இல் 70-க்கு விழுகிறது. 8000-இல் கொஞ்சம் ஏறி 60-இல் நிற்கிறது. 4000-இல் மட்டும் பள்ளம் விழுந்த இந்தக் கோட்டைக் குடியாத்தம், ஆரணிப் பக்கத்து நெசவாளர்கள் காதிலும், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் காதிலும் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். படத்தைப் பார்த்ததும் என்ன வேலை பார்த்தார் என்று கேட்கத் தோன்றும்.

ஏன் அந்த இடத்தில் மட்டும் பள்ளம் என்றால், நம் காதுத் துளை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு பக்கம் மூடிய சின்னக் குழல். 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை அது தானாகவே பெருக்கி உள்ளே அனுப்பும். அப்படிப் பெருகி வரும் இரைச்சல் முதலில் அடிப்பது உட்காதில் அதற்குச் சற்று மேலே உள்ள 4000 ஹெர்ட்ஸ் பகுதியை. அங்கே ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் ஒருமுறை போனால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. இந்தக் குழல் சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து, ‘சத்தம் வருது, பேச்சு வரல’ என்று அப்பா சொன்னது. அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. நம் பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் அடையாளம் பெரும்பாலும் அதற்கு மேலே, 2000, 4000, அதையும் தாண்டி இருக்கிறது. அப்பாவுக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. கட்டி, சட்டி, தட்டி, வட்டி நான்கும் அவருக்கு ஒரே ‘அட்டி’. வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு இந்த நாலு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். எது எதோடு குழம்புகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அந்தத் தாளையும் பரிசோதனைக்கு எடுத்துப் போங்கள்.

வீட்டில் எல்லோரும் செய்வது, புரியவில்லை என்றதும் கத்துவது. கத்தும்போது பெரிதாவது உயிரெழுத்துதான். மெய்யெழுத்து அதே சின்ன வெடிப்பாகவே நின்றுவிடும். அதனால்தான் ‘என்னா?’ என்று கேட்டவரே, நீங்கள் குரலை உயர்த்தியதும் ‘ஏன் கத்துற?’ என்கிறார். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நல்ல காது மிக மெல்லிய ஒலியிலிருந்து 100 டெசிபல் வரை தாங்கும். அப்பாவுக்கு 4000 ஹெர்ட்ஸில் கேட்கத் தொடங்குவதே 70-இல். ஆனால் தாங்க முடியாத சத்தத்தின் எல்லை அதே 100 பக்கம்தான், அது மேலே நகரவில்லை. ஆக, நமக்கு 100 படி இருக்கும் மாடிக்கு அவருக்கு 30 படிதான். ‘கேட்கவே இல்லை’ என்பதற்கும் ‘தாங்க முடியவில்லை’ என்பதற்கும் நடுவில் இருக்கும் இடம் அவ்வளவு குறுகல்.

சரி, இப்போது அந்தச் சிப்புக்கு வருவோம்.

என் தாத்தா ஒரு பழைய மெஷின் வைத்திருந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா சட்டைப் பையில் இருக்கும், அதிலிருந்து ஒரு ஒயர் காதுக்குப் போகும். அவர் குனிந்தால் சட்டை உரசும் சத்தம்தான் அவருக்கு உலகத்திலேயே பெரிய சத்தம். அதில் இருந்ததெல்லாம் ஒரே ஒரு சக்கரம். திருகினால் எல்லாமே ஏறும், பேச்சும் ஏறும், பஸ் ஹாரனும் ஏறும். 1996-இல் டென்மார்க்கின் வைடெக்ஸ், ஓட்டிகான் என்ற இரண்டு நிறுவனங்கள் முழுக்க டிஜிட்டலாக வேலை செய்யும் காதொலிக் கருவிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அதன் பிறகு எதை, எங்கே, எவ்வளவு ஏற்றுவது என்று காதுக்குக் காது தனித்தனியாக, நுணுக்கமாகச் சொல்லிக் கொடுப்பது எளிதாயிற்று.

வேலை நடக்கும் விதம் உங்கள் அப்பாவுக்கே எளிதில் புரியும். துணியின் தரத்தை அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிப் பார்ப்பார் அல்லவா? சிப்பும் ஒலியை அப்படித்தான் இழை இழையாக எடுக்கிறது. ஒரு நொடிப் பேச்சிலிருந்து ஏறக்குறைய 20,000 இடங்களில் அதன் உயரத்தை அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறது. 10,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைத் தவறவிடாமல் பிடிக்க வேண்டும் என்றால் அதன் இரண்டு மடங்கு, நொடிக்கு 20,000 தடவையாவது எடுத்தாக வேண்டும் என்பது கணக்கு. இழை குறைந்தால் நுணுக்கமான டிசைன் துணியில் விழாது இல்லையா, அதுபோல.

எண்ணாக மாறிய பிறகு அந்த ஒலியைத் தாழ்ந்த சுரம், உயர்ந்த சுரம் என்று பட்டைகளாகப் பிரிக்கிறது. இந்தப் பட்டைகளைத்தான் கடையில் ‘சேனல்’ என்கிறார்கள். பிறகு பட்டைக்குப் பட்டை எவ்வளவு கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானித்து, மறுபடி ஒலியாக்கிக் காதுக்குள் விடுகிறது. மைக்கில் நுழைந்து காதில் வெளிவருவதற்குள் நொடியில் ஆயிரத்தில் ஐந்து முதல் எட்டுப் பங்கு நேரம் ஆகிறது. பத்தைத் தாண்டிவிட்டால் நேரடியாக வரும் ஒலியும் மெஷின் வழியாக வரும் ஒலியும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எதிரொலி போலத் தொந்தரவு கொடுக்கும். அதனால் சிப் செய்யும் எல்லாக் கணக்கும் அந்தக் கண்ணிமைப்பைவிடச் சின்ன இடைவெளிக்குள் முடிந்தாக வேண்டும்.

இதில் முக்கியமான வேலை ஒன்று உண்டு, உங்கள் கதையில் தப்பு நடந்ததும் அங்கேதான் என்று நினைக்கிறேன். 30 படிக்குள் 100 படியையும் அடக்க வேண்டும் என்றேன். அதற்கு மெல்லிய ஒலியை நிறைய ஏற்ற வேண்டும், நடுத்தர ஒலியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும், பெரிய ஒலியை அப்படியே விட வேண்டும். உதாரணத்துக்கு, அடுத்த அறையிலிருந்து அம்மா மெதுவாகக் கூப்பிடும் குரலுக்கு 25 டெசிபல், எதிரில் உட்கார்ந்து பேசும் குரலுக்கு 15, எவர்சில்வர் தட்டு கீழே விழும் சத்தத்துக்கு ஒன்றுமே இல்லை. நல்ல டிஜிட்டல் மெஷினில் ஒவ்வொரு பட்டைக்கும் இந்த மூன்றையும் தனித்தனியாக வைக்கலாம். தட்டுச் சத்தம் போன்ற திடீர்ச் சத்தத்தை அமுக்கத் தனி ஏற்பாடும், எது வந்தாலும் இதற்கு மேல் போகாதே என்ற உச்சவரம்பும் உண்டு.

பாத்திரச் சத்தம் தாங்கவில்லை என்று அப்பா சொன்னதும் கடையில் என்ன செய்திருப்பார்கள்? உயர்ந்த சுரங்களை மொத்தமாகக் குறைத்திருப்பார்கள். கரண்டிச் சத்தமும் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது, மெய்யெழுத்தும் அதே பட்டையில்தான் இருக்கிறது. மொத்தமாகக் குறைத்தால் இரண்டும் சேர்ந்து போகும். அப்பா சொன்னது அதுவேதான்: பாத்திரச் சத்தம் குறைந்தது, பேச்சும் போயிற்று. குறைக்க வேண்டியது பெரிய ஒலிக்குக் கொடுக்கும் ஏற்றத்தை மட்டும். மெல்லிய ஒலிக்குக் கொடுப்பதைத் தொடவே கூடாது. கணினியில் இரண்டுக்கும் தனித்தனி வரிசை இருக்கும். மவுஸைக் கொஞ்சம் மேலே வைத்தால் ஒன்று, கீழே வைத்தால் இன்னொன்று. அந்தச் சின்ன வித்தியாசத்தில் 48,000 ரூபாய் பீரோவுக்குப் போய்விட்டது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆகவே நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது புது மெஷினை அல்ல, ஒரு பரிசோதனையை. அதன் பெயர் ரியல் இயர் மெஷர்மென்ட். ஊசிநூல் மாதிரி மெல்லிய சிலிகான் குழாய் ஒன்றைக் காதுத் துளைக்குள், செவிப்பறைக்குச் சற்று முன்னால் வரை விடுவோம். அதன் மேலேயே மெஷினையும் மாட்டுவோம். முன்னால் ஒரு ஸ்பீக்கரில் பேச்சு ஓடும், முதலில் மெல்ல, அப்புறம் நடுத்தரமாக, அப்புறம் பலமாக. செவிப்பறைக்குப் பக்கத்தில் உண்மையில் எவ்வளவு ஒலி வந்து சேருகிறது என்று திரையில் கோடாக வரும். அவருடைய ஆடியோகிராமுக்கு எவ்வளவு வந்து சேர வேண்டும் என்பதற்கு இன்னொரு கோடு இருக்கும். இரண்டையும் ஒன்றாக்குவதுதான் வேலை.

குழல் சங்கதி தேவைப்படும் என்றேனே, இங்கேதான். கடையில் பெரும்பாலும் ஆடியோகிராமை மென்பொருளில் ஏற்றிவிட்டு ஒரு பொத்தானை அழுத்துவார்கள். அது சராசரிக் காதுக்குப் போட்ட கணக்கு. ஆனால் ஒவ்வொருவர் காதுக் குழலின் நீளமும் அகலமும் வேறு. அதனால் அந்தப் பொத்தான் கணக்கில், பெரும்பாலும் உயர்ந்த சுரங்களில், தேவைப்படுவதைவிடக் குறைவாகவே வந்து சேரும். ஒரு பெரியவர், அவரும் தறிக்காரர்தான், ஒன்றுக்கும் உதவவில்லை என்று மெஷினைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். குழாய் விட்டுப் பார்த்தால் 3000 ஹெர்ட்ஸுக்கு மேலே கோடு தரையில் கிடந்தது. கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்தோம். அவர் மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்தவர், மருமகளிடம் போனில், ‘பஸ் ஏறச்சே சொல்றேன்’ என்றார். பெரியவர் திரும்பி, ‘எந்த பஸ்ஸு?’ என்று கேட்டார். கணினியில் கோடு பொருந்தியதை நான் பிறகுதான் பார்த்தேன்.

கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் போட்ட கணக்கு உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் பரவலாகப் புழங்கும் வடிவத்துக்கு என்ஏஎல்-என்எல்2 என்று பெயர். அதில் வயது, ஏற்கெனவே மெஷின் போட்டுப் பழக்கம் உண்டா என்பதையெல்லாம் கொடுக்கலாம். முதல்முறை போடுபவருக்குக் கொஞ்சம் குறைத்தே ஆரம்பிக்கும். அதை அப்படியே விட்டுவிடாமல் ஒரு மாதம் கழித்து உயர்த்த வேண்டும்.

‘பானைக்குள்ள பேசுற மாதிரி’ என்பதற்குச் சிப் பொறுப்பல்ல. துளையை இறுக்க அடைத்தால் நம் குரல் எலும்பு வழியாகக் காதுக்குள் வந்து வெளியேற வழியில்லாமல் அங்கேயே முழங்கும். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு ‘ஊ’ என்று சொல்லிப் பாருங்கள், அப்பா படும் பாடு தெரியும். அவருக்கு அடைக்கவே தேவையில்லை. 1000 வரை அவர் காது நன்றாக இருக்கிறது, அந்த ஒலி இயற்கையாகவே உள்ளே போகட்டும். நுனியில் இருக்கும் ரப்பர் குமிழை ஓட்டை உள்ள திறந்த வகையாக மாற்றச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் சமாசாரம். திறந்தால் வீல் என்று விசில் வருமே என்றால், உள்ளே போன ஒலி கசிந்து மறுபடி மைக்குக்குப் போவதால் வருவது அது. சிப் அந்தக் கசிவைக் கணித்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கிக் கழித்துவிடும். அதற்கும் மீறி விசில் அடித்தால் முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சிப் பேச்சையும் இரைச்சலையும் பிரிக்குமா என்பதற்கு வருகிறேன். பேச்சு ஏறி இறங்கும். நாம் நொடிக்கு நாலைந்து அசை பேசுகிறோம், ஒலியும் அந்த வேகத்தில் ஏறி இறங்கும். ஃபேன், மிக்சி, தறி இவையெல்லாம் ஒரே சீராக ஓடும், அல்லது பேச்சைவிட வெகு வேகமாக அடிக்கும். எந்தப் பட்டையில் பேச்சின் ஏற்ற இறக்கம் இல்லையோ அந்தப் பட்டையைச் சிப் குறைக்கும். இதனால் காதுக்கு ஓய்வு கிடைக்கும், களைப்பு குறையும். ஆனால் இரைச்சலும் பேச்சும் ஒரே பட்டையில் இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் குறையும். அதிலும் சுற்றி நாலு பேர் பேசினால், அந்த நாலும் பேச்சுதானே? உங்கள் குரல் வேண்டும், பெரியப்பா குரல் வேண்டாம் என்று அதற்குத் தெரியாது. கடைக்காரர் ஏஐ என்று சொல்லும், புதிதாக வரும் நரம்பு வலைப்பின்னல் வகைச் சிப்புகள் இதில் ஓரளவு முன்னேறியிருப்பது உண்மை. அதற்காக, கோடு தரையில் கிடக்கும் காதில் அதைப் போட்டுப் பயனில்லை.

இரைச்சலில் உண்மையான உதவி இரண்டு மைக் இருப்பதால் வருகிறது. மெஷினின் முதுகைப் பாருங்கள், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சின்னத் துளைகள் தெரியும். பின்னாலிருந்து வரும் சத்தம் பின் துளையில் முதலில் நுழையும், முன் துளைக்கு வர, நொடியை லட்சமாகப் பங்கிட்டால் அதில் மூன்று பங்கு நேரம் கூடுதலாகும். அந்தச் சின்ன நேர வித்தியாசத்தை வைத்தே சிப் பின்பக்கச் சத்தத்தைக் கழித்துவிடும். அதனால் ஹோட்டலில் உட்காரும்போது அப்பாவின் முதுகு கூட்டத்தின் பக்கமும் முகம் உங்கள் பக்கமும் இருக்க வேண்டும். நம் வீடுகளில் பெரியவரைச் சுவரோரம், கூட்டத்தைப் பார்த்து உட்கார வைப்பதுதான் மரியாதை. மெஷினுக்கு அது தலைகீழ். அந்தத் துளைகளில் வியர்வையும் முகப்பவுடரும் அடைத்துக்கொண்டாலும் இந்த வித்தை வேலை செய்யாது.

சிரசுத் திருவிழாவை மட்டும் மெஷினின் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பம்பை, பட்டாசு, மைக் செட், ஆற்றங்கரை முழுக்க ஜனம். அங்கே நல்ல காதுக்காரரும் பக்கத்தில் இருப்பவர் காதில் வாய் வைத்துத்தான் பேசுகிறார். கழற்றிப் பையில் வைத்தது சரியான காரியம். அந்த இடத்தில் போட்டுப் பார்த்து மெஷினுக்கு மதிப்பெண் போட்டதுதான் பிழை.

இனி நீங்கள் சொன்ன மூன்று வழிகள். 1,500 ரூபாய்ச் சாமான் வேண்டவே வேண்டாம். அது என் தாத்தாவின் டப்பாவைச் சிறிதாக்கியது, அவ்வளவே. அப்பாவுக்கு நன்றாகக் கேட்கும் தாழ்ந்த சுரங்களையும் சேர்த்து ஏற்றும். சரியான உச்சவரம்பு இல்லாதது என்றால், மிச்சமிருக்கும் செல்களையும் கெடுக்கும். மச்சானிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இயர்பட்ஸ் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2-ஐக் காதொலிக் கருவியாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ 2024 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது. 18 வயதுக்கு மேற்பட்ட, லேசான அல்லது நடுத்தரக் குறைபாடு உள்ளவர்களுக்கு. 4000-இல் 70 என்பது நடுத்தரத்தைத் தாண்டிய இடம். அதோடு ஐபோனோ ஐபேடோ வேண்டும், காதை அடைக்கும், காலையில் போட்டால் ராத்திரி வரை சார்ஜ் நிற்காது. இது நாற்பது வயதில் லேசாக மந்தம் ஆரம்பிக்கும் ஒருவருக்கு நல்ல வழி, உங்கள் அப்பாவுக்கு அல்ல. சாதாரண ப்ளூடூத் இயர்போனில் ஒலி பத்தில் ஒரு நொடி, அதற்கு மேலும் பிந்தி வரும் என்பதால் எதிரில் இருப்பவரின் உதட்டசைவோடு ஒட்டாது.

32 சேனல் விஷயத்தில் சேனல் எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் கொடுப்பது, பித்தளைக் குடத்தில் எத்தனை வளையம் என்று எண்ணித் தண்ணீர் அளப்பது மாதிரி. அப்பாவுடைய கோட்டுக்கு 16 தாராளம். உங்களால் பணம் புரட்ட முடியுமானால், வலது காது சரியாகி அவர் பழகிய பிறகு, இடது காதுக்கு இதே ரகம் இன்னொன்று வாங்குங்கள். தறிச் சத்தம் இரண்டு காதையும்தான் தின்றிருக்கிறது. இரண்டு காதிலும் கேட்டால்தான் சத்தம் எந்தத் திசை என்று மூளைக்குத் தெரியும், கூட்டத்தில் ஒரு குரலைப் பிடித்துக்கொள்ளவும் முடியும். அதற்குப் பணம் கஷ்டம் என்றால் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் காதொலிக் கருவிக்கு விசாரியுங்கள். ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் சட்டப்படி பேச்சு சுரங்களில் இரண்டு காதிலும் 60 டெசிபலாவது இழப்பு இருந்தால்தான் கணக்கில் வரும். அப்பாவுக்குத் தாழ்ந்த சுரம் நன்றாக இருப்பதால் அந்த எல்லைக்குள் வராமல் போகலாம். கேட்டுவிட்டு வருத்தப்படக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

பரிசோதனைக்கு எங்கே போனாலும், பார்ப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட்டா (காது கேட்கும் திறனைப் பரிசோதித்து மெஷின் பொருத்துபவர்) என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், எங்களுக்கு அது அன்றாடக் கேள்வி. ரியல் இயர் வசதி உண்டா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். வந்த கோட்டின் படத்தை அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மெஷினைக் கணினியில் இணைத்தால் அப்பா ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் போட்டார் என்பதும் தெரியும். அதை வைத்து அவரைத் திட்ட வேண்டாம். தமிழ்ச் சொற்களை வைத்துச் செய்யும் பேச்சுப் பரிசோதனையையும் மெஷினோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். போதுமான சத்தத்தில் கொடுத்தும் சொற்கள் பாதிக்கு மேல் தப்பானால், மெஷினால் முடிந்தது அவ்வளவுதான் என்று அர்த்தம். அதையும் தெரிந்துகொள்வது நல்லது. காதில் சீழ், தலைசுற்றல், ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமாவது, இதில் எது இருந்தாலும் மெஷினை மறந்துவிட்டு உடனே காது மூக்கு தொண்டை டாக்டர்தான். திடீர் இழப்புக்கு நாட்கள் முக்கியம்.

சரிசெய்து வந்த பிறகு முதல் வாரம் வீட்டுக்குள் இரண்டு மணி நேரம் போதும். செய்தித்தாளை உங்கள் அம்மா சத்தமாக வாசிக்கட்டும், அப்பா கேட்கட்டும். பல வருடமாக மூளைக்கு வராத ஒலிகள் வந்து நிற்கும், செருப்புச் சத்தம்கூடப் புதிதாக இருக்கும், எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரித்துப் பழக சில வாரம் ஆகும். பேசும்போது முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு விஷயத்தைச் சொல்லுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறைந்துவிடும், எந்தச் சிப்பும் தராத லாபம் அருகில் போய்ப் பேசுவதில் கிடைக்கும். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக இருக்கும் அறையில் பேச்சு எதிரொலித்துக் குழம்பும். துணி எதிரொலியை விழுங்கிவிடும், அதனால் உங்கள் வீட்டில் லுங்கி மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறை இருந்தால் அப்பா டிவி பார்க்க அதைவிட நல்ல அறை கிடையாது. பேட்டரியின் ஒட்டுத்தாளைக் கிழித்ததும் ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள், காற்று உள்ளே போனால்தான் அது விழிக்கும். வேலூர் வெயிலில் வியர்வை பெரிய எதிரி. ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வையுங்கள். பீரோவில் ஆறு மாதமாகக் கிடந்த பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக எழுதியிருந்தீர்களே, தம்பி அதே தறியில் இருக்கிறான் என்று. எனக்கு அந்த வரிதான் மனதை அறுக்கிறது. நான் மீட்டர் பிடித்துப் பார்த்த தறிக் கொட்டகை எதிலும் எண் 95-க்குக் கீழே இறங்கியதில்லை. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். அதன் மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் கணக்கு. 97 என்றால் அரை மணி. உங்கள் தம்பி எத்தனை மணி நேரம் நிற்கிறான் என்று உங்களுக்கே தெரியும். பஞ்சு அடைத்தால் போதாது. சுருட்டி உள்ளே விட்டால் விரிந்து அடைக்கும் நுரை அடைப்பான் மருந்துக்கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். மறு கையால் காது மடலை மேலே பின்னால் இழுத்துக்கொண்டு, முழுதாக உள்ளே போகும்படி விட வேண்டும், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. அவனுக்கும் அப்பாவோடு சேர்த்து ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். 4000-இல் பள்ளம் ஆரம்பித்திருந்தால் அவனுக்கே இன்னும் தெரிந்திருக்காது.

இன்னொன்று. பரிசோதனைக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்பீக்கரில் ஓடும் பேச்சை வைத்துக் கோட்டைப் பொருத்திய பிறகு, அவரை ஒரு மீட்டர் தூரத்தில் உட்காரவைத்து, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசச் சொல்லி இன்னொரு கோடு எடுக்கச் சொல்லுங்கள். அப்பா நாள் முழுக்கக் கேட்க வேண்டிய குரல் அதுதானே.